கியர்பாக்ஸை இறக்கும் முன் ஸ்லேவ் சிலிண்டரை அளந்து பாருங்கள்

டர்போ கார் எஞ்சினை ரீபில்ட் செய்து, கூடுதல் பவருக்காக ஹெவி டியூட்டி கிளட்சும் மாட்டியிருக்கிறீர்கள். எஞ்சின் ஆஃபில் இருந்தால் கியர் விழுகிறது, ஸ்டார்ட் செய்தால் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று பல் உரசுகிறது. கியர்பாக்ஸை மறுபடி இறக்கணுமா என்பது கேள்வி.

இப்போதே வேண்டாம். இதே அறிகுறியோடு நான் ரெண்டு தடவை இறக்கினேன், ரெண்டு தடவையும் உள்ளே ஒரு குறையும் இல்லை.

பெடலை முழுசா மிதித்தும் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) விட்டுப் பிரியவில்லை என்பதுதான் விஷயம். பிரிய விடாமல் தடுப்பது வெளியே இருக்கிற ஹைட்ராலிக்கா (பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஆயில்), கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள்ளேயா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரை பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்லேவ் சிலிண்டரின் புஷ்ராட் (தள்ளும் கம்பி) எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். (ஸ்லேவ் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிற வகை என்றால் இப்படி அளக்க முடியாது, பாவம்.) எனக்கு 14 வர வேண்டிய இடத்தில் 9 தான் வந்தது.

அளவு குறைந்தால் காற்றுதான் முதல் சந்தேகம், மாஸ்டர் சிலிண்டர் புதுசு என்றால் இன்னும் அதிகமாக. பிளீட் செய்து காற்றை வெளியேற்றிய பிறகும் அளவு ஏறவில்லையா, பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறதா என்று கையால் பிடித்துப் பாருங்கள். என் காரில் அதுவும் இல்லை. கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் அவ்வளவு கடினமாக இருந்ததால், மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் பொருத்தியிருக்கும் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள சுவர்) தகடே முன்னால் வளைந்துகொண்டிருந்தது! பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் மிதிக்க, நான் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தகட்டுக்கு ஒரு பிரேஸ் போட்டதும் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானும் விழுந்தேன். அளவு போதவில்லை என்று பெடல் பக்கத்து புஷ்ராடை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். பெடலில் கொஞ்சமாவது ஃப்ரீ பிளே (அழுத்தம் தொடங்கும் முன் சும்மா நகரும் தூரம்) இருக்கணும். இல்லாவிட்டால் மாஸ்டர் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராது, ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் துளை அடைபட்டே இருக்கும், வண்டி சூடானதும் ஆயில் விரிந்து கிளட்சைத் தானாகவே லேசாக அழுத்தும், கிளட்ச் ஸ்லிப் ஆகும். நான் அப்போது புது பிளேட் சரியில்லை என்று விற்றவரைத் திட்டினேன். ஸ்லிப் ஆகும் நேரத்தில் பிளீட் நிப்பிளை ஒரு நொடி திறந்து மூடுங்கள், உடனே பிடிப்பு திரும்பினால் குற்றவாளி ஹைட்ராலிக்தான்.

புஷ்ராட் சரியான அளவு நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால், அப்புறம் இறக்குங்கள், வேறு வழியில்லை. பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃப்ளைவீல் பக்கம் எது என்று பெரும்பாலும் பிளேட்டிலேயே குறி இருக்கும். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகிக் கிடந்தாலும் இதே கதைதான், பிளேட் பிரிந்தாலும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். ரீபில்டில் பலர் மறப்பது எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில் உள்ள டவல் பின்கள். அவை இல்லாவிட்டால் ரெண்டும் நேர்கோட்டில் உட்காராது, பிளேட் சரியாகப் பிரியாமல் இழுக்கும்.

அளந்ததும் எத்தனை மில்லிமீட்டர் வந்தது என்று கமெண்டில் போடுங்கள்.