கணினி கேள்வி பதில்: கிளாஸா, ஐடியா?

மலை ரயில் நிலையங்கள் பற்றி ஒரு வலைப்பக்கம் செய்கிறேன். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை நிலையத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஐடி (தனி அடையாளப் பெயர்) வைத்து நிறமும் எழுத்தளவும் கொடுத்தேன். தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். கோப்பு அனுமார் வாலாக நீள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, குன்னூர்

தோற்றத்தைக் கிளாஸிடம், அதாவது பல உறுப்புகளுக்கும் வைக்கக்கூடிய பொதுப் பெயரிடம், விடுங்கள். ஒரு ஐடி ஒரு பக்கத்தில் ஒரே உறுப்புக்குத்தான். கிளாஸை எத்தனை பெட்டிகளுக்கும் வைக்கலாம். ஒரே பெட்டிக்குப் பல கிளாஸும் வைக்கலாம். எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாக 'நிலையம்' என்று ஒரு கிளாஸ் கொடுத்து, அளவு, ஓரக்கோடு, இடைவெளி எல்லாவற்றையும் .நிலையம் (முன்புள்ள புள்ளி கிளாஸைக் குறிக்கும்) என்ற ஒரே விதியில் எழுதிவிடலாம். ஏற்றத்தில் ரயிலின் பல்சக்கரம் கவ்வும் பல் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். எனவே அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு பெட்டிகளுக்கு மட்டும் 'நிலையம்' என்ற பெயருக்குப் பின் இடைவெளி விட்டு 'பல்பாதை' என்று இன்னொரு கிளாஸ். கேத்திக்கும் லவ்டேலுக்கும் அது வேண்டாம்.

'பல் பாதை' என்று பிரித்து எழுதினால் அது இரண்டு கிளாஸ் ஆகிவிடும். இரண்டு கிளாஸும் வேறு வேறு நிறம் சொன்னால், சி.எஸ்.எஸ். கோப்பில் கீழே இருக்கும் விதி வெல்லும். பெட்டியில் எந்தப் பெயரை முதலில் எழுதினீர்கள் என்பது கணக்கில் வராது. தமிழ்ப் பெயர்கள் தாராளமாகச் செல்லும், கோப்பை எல்லா மொழி எழுத்தும் ஏற்கும் யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்தால் போதும். இலக்கத்தில் தொடங்கும் பெயர் மட்டும் வேண்டாம்; .2ம்வகுப்பு என்ற விதியை பிரவுசர் அப்படியே ஒதுக்கிவிடும்.

ஐடிகளை அழித்துவிடாதீர்கள். மேலே உள்ள பட்டியலில் 'ரன்னிமேடு' என்று தொட்டால் நேரே அந்தப் பெட்டிக்குப் போக #ரன்னிமேடு (# ஐடியைக் குறிக்கும்) என்ற முகவரி வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டே நிற்கும் தலைப்புப் பட்டை இருந்தால், போய்ச் சேரும் பெட்டியின் தலை அதன் அடியில் மறையும். பட்டை 70 பிக்சல் என்றால் .நிலையம் விதியில் ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப் (scroll-margin-top) 80 பிக்சல் கொடுங்கள்.

எங்கள் தங்கும் விடுதிப் பக்கத்தில் முன்பதிவு பட்டன் பச்சை. சீசனுக்காக .சலுகை என்ற கிளாஸில் சிவப்பு கொடுத்தேன். கோப்பின் கடைசியில் எழுதியும் மாறவில்லையே?
– வாசகர், கோத்தகிரி

பச்சை #முன்பதிவு என்ற ஐடி விதியில் இருக்கும். பிரவுசர் விதிகளை மூன்று கட்டமாக எடை போடும்: ஐடி, கிளாஸ், டேக் (உறுப்பின் வகைப் பெயர்). உங்கள் பச்சை 1-0-0, சிவப்பு 0-1-0. முதல் கட்டத்தில் தோற்றால் அடுத்த கட்டத்துக்குப் பேச்சே இல்லை. பத்து கிளாஸ் சேர்த்து 0-10-0 ஆக்கினாலும் ஐடியை மிஞ்சாது. வரிசை பார்ப்பது எடை சமமானால் மட்டும்.

பலரும் உடனே எடையை மீறி வெல்ல வைக்கும் இம்பார்ட்டண்ட் (!important) போட்டுவிடுகிறார்கள். அப்புறம் கர்சர் வைக்கும்போது நிறம் மாற அங்கும் ஒன்று, மொபைலுக்கு ஒன்று என்று அது முடிவதே இல்லை. பட்டனுக்கு 'பட்டன்' என்ற கிளாஸ் கொடுத்து, #முன்பதிவு விதியை .பட்டன் என்று மாற்றி, .சலுகையை அதற்குக் கீழே வையுங்கள். பழைய விதியைத் தொட முடியாத டெம்ப்ளேட் என்றால் #முன்பதிவு.சலுகை என்று நடுவில் இடைவெளி இல்லாமல் எழுதுங்கள், எடை 1-1-0.

இதற்கும் அசையாவிட்டால் எஃப்12 தட்டி (பிரவுசரின் சோதனைப் பகுதி திறக்கும்), பட்டனைத் தேர்ந்தெடுத்து, ஸ்டைல்ஸ் பகுதியைப் பாருங்கள். உங்கள் சிவப்பு குறுக்கே கோடு அடித்துத் தெரிந்தால் எடையிலோ வரிசையிலோ தோற்றிருக்கிறது. பட்டனிலேயே நேரடியாக ஸ்டைல் எழுதியிருந்தால் ஐடியும் அதற்குத் தோற்கும். விதியே அங்கு தெரியவில்லை என்றால் பெயர் பொருந்தவில்லை: எழுத்துப்பிழை, அல்லது ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கும்.

மூன்று அறைகளுக்கும் 'மேலும் படிக்க' பட்டனில் ஒரே ஐடி வைத்தேன். நிறம் மூன்றுக்கும் வருகிறது, ஆனால் முதல் பட்டன் மட்டுமே திறக்கிறது. ஏன்?
– வாசகர், கொடைக்கானல்

ஒரே ஐடி திரும்ப வந்தாலும் சி.எஸ்.எஸ். கண்டுகொள்ளாமல் எல்லாவற்றுக்கும் நிறம் பூசிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஐடியை வைத்துத் தேடினால் முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும். மூன்றுக்கும் ஒரே கிளாஸ் கொடுத்து, குவெரி செலக்டர் ஆல் (querySelectorAll) கட்டளை கொண்டு எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கிளிக் இணையுங்கள். படிவம் இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள்: இரண்டு கட்டங்களுக்கு ஒரே ஐடி இருந்தால், இரண்டாவது லேபிளைத் தொட்டாலும் கர்சர் முதல் கட்டத்துக்குத்தான் போகும்.