மனநல நெருக்கடி என்றால் கூச்சல் மட்டும்தானா?

"அண்ணன் கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை, பேச்சுதான் குறைந்துவிட்டது. இதுவும் நெருக்கடியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம்.

கம்பத்திலிருந்து விடியற்காலையில் குமுளி மலையேறும் ஏலத்தோட்ட ஜீப்பில் என்னோடு வரும் அக்கா ஒருவர், சில வாரங்களாகத் தூக்குவாளியைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். பிறகு காதுக் கம்மலைக் கழற்றித் தங்கை மகளுக்குக் கொடுத்தார். பாசம் என்றுதான் நினைத்தோம். பிரியமான பொருளைக் கொடுத்துவிடுவது, 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு, நெடுநாள் வாட்டத்துக்குப் பின் திடீர் நிம்மதி ஆகியவை தற்கொலை எண்ணத்தின் அடையாளங்களாக இருக்கலாம். நல்லவேளை, அக்கா இன்றும் ஜீப்பில் வருகிறார்.

நெருக்கடி வேறு விதமாகவும் வரும். சிலருக்குப் பதற்றத்தில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும்; மாரடைப்பு என்று ஓடுவார்கள் (முதன்முறை என்றால் ஓடத்தான் வேண்டும்). சிலர் நாள்கணக்கில் தூங்காமல், கடன் வாங்கிக் கடை திறக்கத் துள்ளுவார்கள். யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பவரை எங்கள் பக்கம் முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போகிறார்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தி, 2, 3 நாளில் நடுங்கிப் பிதற்றினால் உடனே ஆஸ்பத்திரி.

அண்ணனிடம் 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாமல் பூட்டுங்கள். 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்: 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.