புண் ஆறினால் நோய் போய்விட்டதா? பால்வினை நோய்கள்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், ஒன்றரை மாதத்துக்கு முன் ஆணுறுப்பில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை, தானாக ஆறிவிட்டது. இனிப் பயமில்லைதானே?

பதில்: ஆறியது புண் மட்டும்தான். வலிக்காமல் வந்து மருந்தில்லாமல் ஆறும் புண் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சிபிலிஸைத்தான். கிருமி தொற்றிய 10 முதல் 90 நாட்களுக்குள் அந்தப் புண் வரும், 3 முதல் 6 வாரங்களில் மறையும். அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும். அடுத்து உடம்பெல்லாம், உள்ளங்கையில்கூட, தடிப்பு வரலாம். அதுவும் அடங்கிவிடும். அப்புறம் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு மூளையையோ இதயத்தையோ தாக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரே முறை போடும் பென்சாத்தீன் பென்சிலின் ஊசியில் குணமாகும். உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி: கழிப்பறை இருக்கையிலிருந்து ஹெச்.ஐ.வி. வருமா? கொசுக்கடியில்?

பதில்: இரண்டிலும் வராது.

கேள்வி: நேற்றிரவு ஆணுறை கிழிந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாட்களும் விடாமல் சாப்பிட வேண்டும். இனிமேல் லேடெக்ஸ் ஆணுறையோடு எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி எதுவும் வேண்டாம், ரப்பர் பலவீனமாகிவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுவதும் தவறு.

கேள்வி: கல்யாணமாகி இரண்டு வருடம். மனைவிக்குப் பரிசோதனையில் கிளமிடியா (உறவின் மூலம் பரவும் பாக்டீரியா தொற்று) என்று வந்திருக்கிறது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அப்படியென்றால் தப்பு அவள் பக்கம்தானே?

பதில்: இல்லை. அப்படி முடிவுகட்ட அந்த ரிப்போர்ட்டில் எதுவுமே இல்லை. கிளமிடியா தொற்றிய பலருக்கு, ஆணோ பெண்ணோ, அறிகுறியே தெரியாது. மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல், உடம்பில் தங்கியிருக்கும். யார் யாருக்குக் கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்று பரிசோதனை சொல்லாது. உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்பதால் உங்களிடம் கிருமி இல்லை என்றும் ஆகாது. நீங்களும் பரிசோதனை செய்து, சிகிச்சை எடுங்கள்.

கேள்வி: டாக்டர், மேலே உள்ள பதில் துரோகத்துக்குச் சப்பைக்கட்டு கட்டுவதுபோல் இருக்கிறது. உண்மை தெரிய வேண்டாமா?

பதில்: உண்மை தெரிய வேண்டுமென்றால் இருவரும் உட்கார்ந்து பேசட்டும். சோதனைக்கூடத்தால் அதைச் சொல்ல முடியாது. இந்தச் சண்டையில் சிகிச்சை தள்ளிப்போவதுதான் எனக்குக் கவலை. கிருமி கருக்குழாய் வரை ஏறி அடைப்பு உண்டாக்கினால் குழந்தைப்பேறே கேள்விக்குறியாகும். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பத் தொற்றும். குற்றவாளி பட்டம் கிடைக்கும் என்று பயந்தே எத்தனையோ பெண்கள் ரிப்போர்ட்டை வீட்டில் காட்டுவதில்லை. காட்டாவிட்டால் கணவருக்குச் சிகிச்சை எப்படிக் கிடைக்கும்?

கேள்வி: உறவு கொண்டு ஒரு வாரம் ஆகிறது. ஹெச்.ஐ.வி. டெஸ்ட் நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: ஒரு வாரத்தில் தெரியாது. நரம்பில் ரத்தமெடுத்து ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜன்-ஆன்டிபாடி சோதனையை 45 நாட்கள் கழித்துச் செய்யுங்கள். விரல் நுனியில் குத்திச் செய்யும் உடனடிச் சோதனைக்கு 90 நாட்கள் வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்குப் பத்து நாள் ஆகிறது, நெகட்டிவ். போதுமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். பத்து நாளும் போதாது.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. ஹெச்.பி.வி. தடுப்பூசி இப்போதே எதற்கு?

பதில்: ஹெச்.பி.வி. உறவின் மூலம் பரவும் வைரஸ். அது தொற்றுவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயதுதான் அதற்குச் சரியான காலம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இது. பையன்களுக்கும் போடலாம்.

கேள்வி: நானும் கணவரும் கிளமிடியாவுக்கு ஏழு நாள் மாத்திரை முடித்துவிட்டோம். இனி உறவு கொள்ளலாமா?

பதில்: இருவருமே முழுக்க முடித்து, தொந்தரவும் நின்றிருந்தால் கொள்ளலாம். ஒருவர் பாதியில் நிறுத்தியிருந்தால் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை செய்யுங்கள், மறுதொற்று சகஜம்.