கொப்புளத்துக்கு எட்டுக்கால் பூச்சி காரணமா?

கேள்வி: மொட்டைமாடியில் கறிவேப்பிலை, எலுமிச்சை, வெண்டை, செம்பருத்தி என்று இருபது தொட்டி வைத்திருக்கிறேன். மழை விட்டதிலிருந்து எங்கு பார்த்தாலும் சிலந்தி வலை. ஆறு வயது மகள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் அவள் கழுத்தில் கோடு இழுத்ததுபோல் கொப்புளம் வந்தது. ‘எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டிருக்கும், எல்லாத்தையும் ஒட்டடைக்குச்சியால சுத்தி எடு’ என்கிறார் மாமியார். எடுத்துவிடட்டுமா?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: எடுக்க வேண்டாம். கொப்புளத்தை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் கோடு போட்டதுபோல் வருகிறது என்றாலே சந்தேகம் வேறொன்றின் மேல் போகிறது. எறும்பைப்போல் ஒல்லியாக, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில், கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு வண்டு உண்டு. மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊர்கிறதே என்று நாம் தேய்த்து நசுக்கும்போது அதன் உடல்நீர் தோலில் இழுபட்டுப் புண்ணாகிறது. எரிச்சல் தெரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் வண்டு போன இடம் தெரியாது, சுவரில் உட்கார்ந்திருக்கும் சிலந்தி மாட்டிக்கொள்கிறது. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்க விடாதீர்கள்.

வெண்டைப் பூவிலும் செம்பருத்தியிலும் இன்னொன்றைக் கவனியுங்கள். கறுப்பு உடலில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கொப்புள வண்டு. பிடித்தால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நீர் கசியும், அதுவும் தோலைப் பொத்துவிடும். மகளிடம் ‘இதை மட்டும் தொடாதே’ என்று காட்டிக் கொடுங்கள்.

இனி வலைக்கு வருவோம். நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டிருந்தால் அது சிக்னேச்சர் ஸ்பைடர். தலைகீழாக, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்காரும், அதனால் எட்டுக் கால் நாலாகத் தெரியும். அந்தக் குறி இரையை இழுக்கவா, பறவையை எச்சரிக்கவா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. ஓரத்தில் பழுப்பாக ஒரு பொடியன் தெரிந்தால் குட்டி என்று நினைக்காதீர்கள், ஆணாக இருக்கும். வலையை முழுதாகப் பார்க்க காலை ஏழு மணிக்குள் போங்கள். பனி இல்லாத நாளில் ஸ்ப்ரேயரை ஒரு மீட்டர் தள்ளி வைத்து ஒரே ஒரு தடவை, புகைபோல் அடியுங்கள். கிட்டே வைத்து அடித்தால் வலை கனத்துக் கிழிந்துவிடும்.

வலை கட்டாத சிலந்திகள்தான் குழந்தைகளுக்கு இன்னும் பிடிக்கும். கைப்பிடிச் சுவரில் குதிக்கும் சிலந்தியின் முன் விரலை மெதுவாக நகர்த்தினால், முன்னிரண்டு பெரிய கண்களோடு திரும்பிப் பார்க்கும். இரவில் தரையில் திரியும் ஓநாய்ச் சிலந்தியைத் தேட டார்ச்சை நெற்றிப்பொட்டருகே பிடிக்க வேண்டும். அதன் கண் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், இடுப்பருகே பிடித்தால் அந்த மினுக்கு நம் கண்ணுக்கு வராது.

மருந்து அடித்தால் இதெல்லாம் முடிந்தது. இலைச்சாற்றை உறிஞ்சும் பொடிப்பூச்சியான அசுவினிக்கு இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினாலே போதும். அதன் நடுவே குட்டி முதலைபோல், கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்வது பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்பதே அதுதான், அதைத்தான் பலரும் முதலில் நசுக்குகிறார்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் வெள்ளை நூல் போர்த்திய ஒன்று மட்டும் சுறுசுறுப்பாக ஓடினால் அதையும் விட்டுவிடுங்கள், அதுவும் ஒரு பொறிவண்டின் பிள்ளைதான். எலுமிச்சை, கறிவேப்பிலை இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. ஒரு செடியை அதற்கே ஒதுக்கலாம், சமையலுக்கு வேறு செடி இருந்தால்.

வீட்டுக்குள் இருக்கும் ஒட்டடையை மாமியார் சொல்வதுபோல் தாராளமாக எடுங்கள். மாடியில் துணிக்கொடிக்குக் குறுக்கே வலை வந்தால் மட்டும், சிலந்தியை டம்ளரால் மூடி, அடியில் ஒரு அட்டையைச் செருகி, பக்கத்துச் செம்பருத்தியில் கவிழ்த்துவிடுங்கள். இதைச் சாயங்காலம் செய்தால் விடிவதற்குள் அங்கே புது வலை கட்ட அதற்கு நேரம் இருக்கும்.