மண் தடமா, செயற்கைத் தடமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் இருபது வருடமாக ஓயாத வழக்கு இது. வந்த கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

செயற்கைத் தடம் என்றால் பிளாஸ்டிக் விரிப்பா சார்?

இல்லை. அதிலும் பெரும்பங்கு மணல்தான். சிலிக்கா மணலோடு நார்த் துணுக்குகளும், சில வகைகளில் ரப்பர்த் துண்டுகளும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் மெழுகு பூசிக் கலப்பார்கள். மெழுகு ஏறிய மணல் தண்ணீரைக் குடிக்காது. மழை நேராகக் கீழே இறங்கி, அடியில் பதித்த குழாய்கள் வழியாக வடிந்துவிடும். பாலிடிராக், டபேட்டா என்ற செயற்கைத் தட வகைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டபேட்டாவை உருவாக்கியவர் மைக்கேல் டிக்கின்சன். இங்கிலாந்தின் பெரிய தடைதாண்டும் பந்தயமான செல்டனம் கோல்ட் கப்பில் 1983-இல் முதல் ஐந்து இடத்தையும் பிடித்த ஐந்து குதிரைகளுக்கும் பயிற்சியாளர் அவர்தான். குதிரையின் காலை அறிந்தவர் செய்த தடம் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு.

மண் தடத்தில் மழை பெய்தால் என்ன ஆகும்?

பிரச்சினை தொடங்குவதே அங்கேதான். மணல், வண்டல், களிமண் கலந்த தளர்ந்த மண் சில அங்குலம் மேலே இருக்கும். அதற்குக் கீழே இறுகிய அடித்தளம். தண்ணீர் கீழே இறங்காது, சரிவில் பக்கவாட்டில்தான் ஓட வேண்டும். அதனால் மழை வருகிறது என்று தெரிந்ததும் மேல் மண்ணை அழுத்தி மூடிவிடுவார்கள். இதை 'சீல்' செய்வது என்பார்கள். மழை விட்டதும் மறுபடி கிளறி இளக்க வேண்டும். பெரிய மழையில் நுண்ணிய மண் அடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ஒரே தடத்தில் ஓர் இடம் மெத்தென்றும் இன்னோர் இடம் கட்டாந்தரையாகவும் இருக்கும். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை, மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு கணம் முழு எடையையும் ஒற்றைக் காலில் தாங்குகிறது. அடுத்த அடியில் தரை வேறு மாதிரி இருந்தால் அந்தக் கால் என்ன செய்யும்?

எது பாதுகாப்பு? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அண்ணே.

செயற்கைத் தடம். பந்தயக் குதிரைகளின் வம்சப் பதிவை வைத்திருக்கும் அமைப்பான அமெரிக்க ஜாக்கி கிளப் 2009 முதல் கணக்கு வைத்திருக்கிறது. அந்த வருடம் எல்லாத் தடங்களையும் சேர்த்து, ஓடிய ஒவ்வோர் ஆயிரம் தடவைக்கும் 2 குதிரைகள் காயத்தால் உயிரிழந்தன. 2023-இல் அது 1.32. அதே 2023-இல் மண் தடத்தில் 1.4-ஐத் தாண்டியது, செயற்கையில் 1-க்குக் கீழே. தடம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. 2023-இல் கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸ் ஓடுகளத்தில் 12 குதிரைகள் இறந்து, பந்தயங்களையே எல்லிஸ் பார்க் என்ற வேறு களத்துக்கு மாற்றினார்கள். விசாரித்தபோது தடத்தில் குறை எதுவும் தென்படவில்லை. ஏற்கெனவே இருக்கும் சிறு எலும்பு விரிசல், மருந்து, ஓய்வில்லாத ஓட்டம் எல்லாம் இதில் சேரும். ஆனாலும் வருடத்துக்கு வருடம் கணக்கு ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தால் அதைத் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் கலிபோர்னியா ஏன் செயற்கையைப் போட்டுவிட்டுப் பிடுங்கி எறிந்தது?

நல்ல யோசனையை அவசரத்தில் கெடுத்த கதை அது. 2007 முடிவதற்குள் பெரிய ஓடுகளங்கள் செயற்கைக்கு மாற வேண்டும் என்று மாநிலக் குதிரைப் பந்தய வாரியம் 2006-இல் உத்தரவு போட்டது. ஹாலிவுட் பார்க்கும் சாண்டா அனிட்டாவும் குஷன் டிராக் என்ற செயற்கை வகையைப் போட்டன. டெல் மார் பாலிடிராக். கோல்டன் கேட் ஃபீல்ட்ஸ் டபேட்டா. சாண்டா அனிட்டாவில் தண்ணீர் வடியவே இல்லை. மழைக்காகவே போட்ட தடத்தில் 2008 தொடக்கத்தில் மழையால் பல நாள் பந்தயம் ரத்தானது! பிறகு புரோ-ரைடு என்ற வேறு வகைக்கு மாறி, 2010 டிசம்பரில் மண்ணுக்கே திரும்பினார்கள். டெல் மாரில் வேறு தொல்லை. வெயில் ஏறினால் மெழுகு இளகும். காலையில் பயிற்சி எடுத்த தடம் வேறு, பிற்பகலில் பந்தயம் ஓடும் தடம் வேறு என்று ஆகிவிட்டது. அங்கே 2015-இல் மண் திரும்பியது.

கோல்டன் கேட்டில் மட்டும் டபேட்டா 2024-இல் களம் மூடும்வரை நீடித்தது. ஆகவே பொருளைக் குறை சொல்ல மாட்டேன். எந்த வெயிலுக்கு எந்த மெழுகு, எத்தனை தடவை கிளற வேண்டும் என்று கற்றுக்கொள்ள அவகாசமே தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2019-இல் அதே சாண்டா அனிட்டாவில் கனமழைப் பருவத்தில் 30 குதிரைகள் இறந்தன. புல்லிலும் பயிற்சியிலும் இறந்தவையும் அதில் அடக்கம்தான்; இருந்தும் அந்தச் செய்திகளைப் படித்த நாள்களில் 2010-இல் எடுத்த முடிவை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜென்யாட்டா என்ற பெண்குதிரை செயற்கைத் தடத்து ராணி மட்டும்தான் என்கிறார்களே?

அநியாயமான பேச்சு. 20 ஓட்டத்தில் 19 வெற்றி. பெரும்பாலானவை செயற்கையில் என்பது உண்மை, ஏனென்றால் அவள் வாழ்ந்த கலிபோர்னியாவில் அப்போது பிரதான தடங்கள் எல்லாமே செயற்கை. மண்ணில் மூன்று முறை ஓடினாள். ஆர்கன்சாஸின் ஓக்லான் களத்தில் 2008, 2010 இரண்டிலும் வென்றாள். 2010 பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில், சர்ச்சில் டவுன்ஸ் மண்ணில், கடைசியிலிருந்து பாய்ந்து வந்து பிளேம் என்ற குதிரையிடம் ஒரு தலை அளவில் தோற்றாள். அந்தத் தோல்வியையும் நான் அவள் பெருமையில்தான் சேர்ப்பேன்.

செயற்கையில் ஓடிய குதிரை கென்டக்கி டெர்பி வெல்லுமா?

சர்ச்சில் டவுன்ஸ் மண்ணில் ஓடும் அந்தப் பெரிய பந்தயத்தையும் வென்றிருக்கிறது. 2011-இல் அனிமல் கிங்டம் டர்ஃப்வே களத்தின் பாலிடிராக்கில் வென்றுவிட்டு வந்து டெர்பியையும் வென்றது. 2013-இல் துபாய் உலகக் கோப்பையை டபேட்டாவில் வென்றது.

பிறகு ஏன் எல்லோரும் மாறவில்லை?

இனப்பெருக்கத் தொழில். கென்டக்கியில் ஒரு பொலிகுதிரையின் விலை மண்ணில் அது காட்டிய வேகத்தை வைத்தே ஏறுகிறது. டெர்பி 1875 முதல் மண்ணில்தான். கென்டக்கியின் கீன்லேண்ட் களம் 2006-இல் பாலிடிராக் போட்டு 2014-இல் விலகியது. துபாயின் மெய்டான் களமும் 2010-இல் டபேட்டாவோடு திறந்து சில ஆண்டுகளில் மண்ணுக்குப் போனது. அமெரிக்கக் குதிரைகள் துபாய்க்கு வர வேண்டுமே! பந்தயம் கட்டுகிறவர்களுக்கும் பழகிய கணக்கு தப்பிப்போன கோபம். செயற்கையில் குளம்பு வழுக்காமல் சட்டென்று நிற்பதால் பின்னங்கால் தசைநார்களுக்குச் சிரமம் என்று சில பயிற்சியாளர்கள் முறையிடுகிறார்கள். அதை ஒதுக்கக் கூடாது, ஆராய வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து கேட்கிறேன். இங்கே கிராஞ்சி ஓடுகளத்தில் இருந்தது எது?

புல் தடத்தோடு பாலிடிராக்கும் இருந்தது. 2024 அக்டோபர் 5-இல் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது.

உங்கள் கையில் அதிகாரம் இருந்தால்?

மண்ணை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். பெரிய களங்களில் மண், புல் இரண்டோடும் ஒரு செயற்கைத் தடம் கட்டாயம் இருக்க வேண்டும். நியூயார்க்கில் பெல்மான்ட் பார்க்கைப் புதிதாகக் கட்டும்போது இப்படித்தான் திட்டமிட்டார்கள். புல்லில் நடக்க வேண்டிய பந்தயம் மழையால் நின்றுபோனால் அதை 'சீல்' செய்த மண்ணுக்குத் தள்ளக் கூடாது, செயற்கைக்கு மாற்ற வேண்டும். காலைப் பயிற்சியும் அங்கேயே நடக்கட்டும். ஒரு குதிரை பந்தயத்தில் ஓடுவது சில நிமிடம். பயிற்சியில் ஓடுவது வருடம் முழுவதும்.