கப்பலும் நாணயமும் தாண்டி

வணக்கம். வணிக வரலாற்றைப் படங்களால் சொல்லும் பள்ளிக் கண்காட்சிக்கு 20 படம் சேர்த்தும், எல்லாமே கப்பலும் நாணயமுமாக இருப்பதால் கதை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

தயங்காமல் பாதியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வியாபாரம் செய்யும் ஆட்களைக் கொண்டுவாருங்கள். ஹான்ஸ் ஹோல்பைன் 1532-இல் வரைந்த கியோர்க் கீஸே ஓவியத்திலிருந்து தொடங்கலாம். லண்டனில் தொழில் நடத்திய ஜெர்மானிய வணிகர் அவர். நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்: கையில் ஒரு கடிதம், பின்சுவரில் மரச்சட்டத்துக்குள் செருகிய கடிதங்கள், தொங்கும் தராசு, மேசையில் முத்திரை, கத்தரிக்கோல், நாணயங்கள். சரக்கு எதுவும் கண்ணில் படாது. தொலைதூர வணிகம் கடிதத்தையும் முத்திரையையும் நம்பி நடந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இந்த ஒரு படத்துக்கு ஒரு முழுப் பலகை கொடுங்கள், எனக்கு அவ்வளவு பிடித்த படம்.

அப்புறம் 1375-ஐச் சேர்ந்த கத்தலான் வரைபடம்; ஐரோப்பாவில் வரைந்த பழைய உலக வரைபடம் அது. அதில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி அரசர் மான்சா மூசா கையில் தங்கக் கட்டியோடு உட்கார்ந்திருக்கிறார், ஒட்டகத்தில் ஒரு வணிகர் அவரை நோக்கி வருகிறார். ஆனால் வரைந்தபோது மூசா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால் அதை நேரில் கண்ட காட்சியாக எழுதிவிடாதீர்கள்; மாலியின் தங்கத்தின் புகழ் ஐரோப்பா வரை எட்டியதற்குச் சான்று என்று எழுதுங்கள்.

கப்பல் படம் ஒன்று வேண்டுமென்றால், பண்டைய ரோமின் துறைமுக நகரான ஓஸ்தியாவில் வணிகர் அறைகளுக்கு முன்னால் தரையில் சிறு கற்களால் பதித்த மொசைக் படங்களில் ஒன்றை எடுங்கள்.