வாட்டர் ஃபிளாசர்: கார்ட்லெஸ்ஸா, மேசைமேல் வைப்பதா?
பல் இடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃபிளாசரில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பல்லுக்குக் கிளிப் போட்ட மகளுக்கு என்றால் மேசைமேல் வைக்கும் வாட்டர் ஃபிளாசரையே வாங்குங்கள். இப்போதுள்ள கார்ட்லெஸ்ஸில் (வயர் இல்லாமல் கையில் பிடிப்பது) பாதியிலேயே தண்ணீர் தீர்கிறது என்றீர்கள். அதன் தொட்டியே சின்னது, பெரும்பாலும் 150 முதல் 300 மி.லி.தான். மேசைமேல் வைப்பதில் சுமார் 600 மி.லி. பிடிக்கும், கம்பியைச் சுற்றி நிதானமாகச் சுத்தம் செய்யலாம்.

வாங்கும் முன் வாஷ்பேசின் அருகே பிளக் பாயிண்ட் இருக்கிறதா, வயர் எட்டுமா என்று பாருங்கள். எட்டாவிட்டால் கார்ட்லெஸ்ஸே இருக்கட்டும், நடுவில் ஒருமுறை நிரப்பிக்கொள்ளலாம். ஈரத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் வரும் வேகமும் குறைந்துவிட்டது என்றீர்கள். அதற்கு உப்புத் தண்ணீர் காரணமாக இருக்கலாம், தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசிலில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். வினிகர் கலந்த தண்ணீரை ஓடவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் பிரஷ்ஷை விட முடியாது. ஈறில் ரத்தம் வந்து, அது ஓரிரு வாரத்தில் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.